ஹட்டனில் ஆறு சனிக்கிழமைகள்: அமைதிகாப்புப் பற்றிய ஒரு குறும்பாடநெறி

ஹட்டன் பிரதான வீதியில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் இயங்கும் ஒரு தனியார் கல்வி நிலையம், 2025 ஆகஸ்ட் நடுப்பகுதி தொடங்கிச் செப்டெம்பர் மூன்றாம் வாரம் வரை, சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு குறும்பாடநெறியைத் தமிழ்மொழியில் நடத்தியது. நீண்டகாலமாகத் தீராத நிலத் தகராறுகளில் சர்வதேச அமைதிகாப்பு எவ்வளவு பயன் தந்திருக்கிறது என்பதே அதன் பொருள். கட்டணம் 4,500 ரூபாய். மலையகத்தில் தையற்பயிற்சிக்கும், கணினிக்கும், ஆங்கிலப் பேச்சுக்கும் வகுப்புக்குக் குறைவில்லை. இப்படியொரு பொருளுக்கு, அதுவும் தமிழில், நானறிந்தவரை வகுப்பு இருந்ததில்லை. உயர்தர வகுப்பில் பதினான்கு ஆண்டுகளாக அரசியல் விஞ்ஞானம் கற்பித்துவரும் எனக்கு, “ஐ.நா. வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா, சேர்?” என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்கும் கேள்விக்குப் பழைய குறிப்புப் புத்தகத்திலிருந்தே பதில் சொல்லி அலுத்துப்போயிருந்தது. ஆகவே விளம்பரத்தைக் கண்ட அன்றே பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் அணியில் இருபத்துமூன்று பேர் இருந்தோம். பாதிக்கு மேல் ஆசிரியர்கள். மீதிப்பேரில் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகும் இளைஞர்கள், தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்கள், தபால் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை ஆகியோர் அடங்குவர். வளவாளர்கள் இருவர்: பல்கலைக்கழகத்தில் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார், சர்வதேச உறவுகளில் பட்டப்பின் படிப்பை முடித்த ஓர் இளைஞர். பாடநெறியின் தரம் இவ்விருவரில் அன்று யார் வருகிறார் என்பதைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் நின்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரத்தை அம்மையார் எடுத்தார். ஐக்கிய நாடுகள் பட்டயத்தில் ‘அமைதிகாப்பு’ என்ற சொல்லே கிடையாது என்று தொடங்கி, தகராறுகளைப் பேச்சால் தீர்க்கச் சொல்லும் ஆறாம் அத்தியாயத்துக்கும் பலாத்காரத்தை அனுமதிக்கும் ஏழாம் அத்தியாயத்துக்கும் இடையில் ‘ஆறரையாம் அத்தியாயம்’ ஒன்று இருப்பதாக அன்றைய செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷெல்ட் சொன்னதாகக் கூறப்படுவதை விளக்கி, சம்மதம், பக்கஞ்சாராமை, தற்காப்புக்கன்றி ஆயுதம் எடுக்காமை ஆகிய மூன்று தூண்களையும் அவர் நிறுவிய விதத்தை எந்தப் பல்கலைக்கழக விரிவுரையோடும் ஒப்பிடலாம். 1956 இல் சுயெஸ் நெருக்கடியின்போது அமைக்கப்பட்ட முதலாவது ஆயுதந்தரித்த படையை 1967 மே மாதத்தில் எகிப்து வெளியேறச் சொன்னதும், படை வெளியேறியதும், அடுத்த மாதமே ஆறுநாள் போர் மூண்டதும் சம்மதம் என்ற தூண் எவ்வளவு மெல்லியது என்பதற்கு அவர் காட்டிய உதாரணம். அழைத்தவரே போகச் சொல்லக்கூடிய விருந்தாளி, வீட்டுச் சண்டையை எவ்வளவு தூரம் தடுக்க முடியும் என்று அவர் கேட்டபோது வகுப்பு சிரித்தது. இளைஞர்கள் சிலர் சிரிக்கவில்லை.

ஐ.நா.வின் முதலாவது அவதானிப் பணி 1948 மே மாதத்தில் பலஸ்தீனத்துக்காக அமைக்கப்பட்டது. அது இன்றும் இருக்கிறது. 1948 என்ற ஆண்டைக் கரும்பலகையில் எழுதியதும் முன்வரிசையிலிருந்த ஆசிரியையொருவர், “எங்களுடைய பிரஜாவுரிமையும் அந்த வருசந்தானே போனது” என்று மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதை நினைவூட்டினார். அதற்குள் தொலைந்துபோகாமல் அம்மையார் தலையசைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் வாரம் சைப்பிரஸ். கட்டிய பணம் முழுவதற்கும் இந்த ஒரு பிற்பகலே போதும் என்பேன். 1963 டிசம்பரில் நிக்கோசியா நகரத்தில் கிரேக்க, துருக்கிய சமூகங்கள் மோதிக்கொண்டபோது, ஒரு பிரித்தானியத் தளபதி பச்சைப் பென்சிலால் வரைபடத்தில் இழுத்த கோடு ‘பச்சைக் கோடு’ ஆனது. 1964 மார்ச்சில் பாதுகாப்புச் சபையின் 186 ஆம் இலக்கத் தீர்மானம் அங்கே ஒரு படையை நிறுத்தியது. எவ்வளவு காலத்துக்கு? மூன்று மாதங்களுக்கு. அந்த மூன்று மாதங்கள் இப்போது அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. இடையில் 1974 இல், கிரேக்கத்தோடு தீவை இணைக்க விரும்பியவர்களின் ஆட்சிக்கவிழ்ப்பும் அதையடுத்துத் துருக்கியின் படையெடுப்பும் நடந்தபோது, அங்கிருந்த ஐ.நா. படையால் அவற்றைத் தடுக்க முடியவில்லை. நிக்கோசியா விமான நிலையத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, அது எவர் கையிலும் விழாமல் காக்கவே முடிந்தது. அந்த நிலையம் இன்றும் விமானமின்றிப் பாழடைந்து கிடக்கிறது.

அம்மையார் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கி, 180 கிலோமீற்றர் நீளமான இடைவலயத்தை ஓர் ஆற்றைப்போலக் கிழக்கிலிருந்து மேற்காகக் காட்டிச் சென்றார். பழைய நகரத்துக்குள் சில மீற்றர் அகலமே கொண்ட அந்த வலயம், வேறிடத்தில் ஏழு கிலோமீற்றராக விரிகிறது; அதற்குள்ளே பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள் அல்லது தொழில் செய்கிறார்கள்; வயலில் உழவு செய்யவும் ஐ.நா.விடம் அனுமதி பெறவேண்டும். ஒரு தரப்புச் சிப்பாய் மணல்மூட்டை ஒன்றைக் கூடுதலாக அடுக்கினால், மறுதரப்பு இரண்டை அடுக்குமுன் ஐ.நா.வின் நீலத்தொப்பிக்காரர் நடந்துபோய் முதலாவதை எடுக்கச் சொல்லுவதே அங்கே அன்றாட அமைதிகாப்பு. இதைக் கேட்டபோது, தோட்டத்துப் பீலியடியில் குடத்தை முன்னே நகர்த்தியவர் யார் என்பதில் தொடங்கும் சண்டைகளும், அவை இரண்டு லயங்களுக்கிடையிலான பகையாகுமுன் தலைவர் வந்து குடங்களை வரிசைப்படுத்துவதும் என் நினைவுக்கு வந்தன. தலைவரால் வரிசையைத்தான் காக்க முடியும். பீலியில் தண்ணீரைக் கூட்ட முடியாது.

2003 இல் கடவைகள் திறக்கப்பட்டதையும், 2004 ஏப்ரலில் ஐ.நா. முன்வைத்த இணைப்புத் திட்டத்தைத் துருக்கிய சைப்பிரஸ் மக்களில் 65 வீதத்தினர் ஏற்க, கிரேக்க சைப்பிரஸ் மக்களில் 76 வீதத்தினர் நிராகரித்ததையும் அவர் விளக்கி முடித்தபோது, அதுவரை வாய்திறவாதிருந்த தபால்காரப் பெரியவர் எழுந்தார். “டீச்சர், சண்டையில்லாம இருக்கிறதாலதானே ஒருத்தருக்கும் அவசரமில்ல? இந்தப் படை போயிருந்தா அவங்களே பேசி முடிச்சிருக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். துறைசார்ந்தவர்கள் நெடுங்காலமாக விவாதிக்கும் கேள்வி அது. கேள்வியைத் தட்டிக்கழிக்காத அம்மையார், உறைந்த தகராறு என்று நாம் இகழ்வது, 1974 க்குப் பின் பிறந்த இரண்டு தலைமுறைகள் செல்வீச்சைப் பாராமல் வளர்ந்ததையும் குறிக்கும் என்றார். அதே மூச்சில், 1963 க்கும் 1974 க்கும் இடையில் காணாமற்போன 2,002 பேரில் இன்னும் நூற்றுக்கணக்கானோரின் எச்சங்கள் கண்டறியப்படவில்லை என்பதையும் சொன்னார். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க அவர் முயலவில்லை.

மூன்றாம் வாரம் லெபனானும் கோலான் குன்றுகளும். அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னர்தான், 1978 இல் ‘இடைக்காலப் படை’ என்ற பெயருடன் தென்லெபனானுக்கு அனுப்பப்பட்ட ஐ.நா. படையின் ஆணையை இறுதித் தடவையாக 2026 டிசம்பர் 31 வரை மட்டும் நீடிப்பது என்று பாதுகாப்புச் சபை தீர்மானித்திருந்தது. அதை உடனே பாடத்தில் சேர்த்துக்கொண்ட இளம் வளவாளரைப் பாராட்ட வேண்டும். அந்தப் படையில் இலங்கைச் சிப்பாய்களும் இருக்கிறார்கள். 2024 ஒக்டோபரில் நக்கூரா தலைமையகத்துக்கருகே இஸ்ரேலியத் தாக்குதலில் நம் நாட்டவர் இருவர் காயமடைந்தனர். 1982 இல் இஸ்ரேல் படையெடுத்தபோதும், 2006 போரின்போதும் அந்தப் படை நடுவே நின்று பார்க்க வேண்டியிருந்தது. 2006 க்குப் பின் அதன் பலம் பத்தாயிரத்தையும் தாண்டியது. ஆயினும் லித்தானி ஆற்றுக்குத் தெற்கே அரசின் படையையும் ஐ.நா.வையும் தவிர வேறெவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறவேயில்லை. கோலானுக்குப் பத்து நிமிடங்களே கிடைத்தன.

நான்காம் வாரத்தின் மேற்கு சஹாரா வகுப்பு ஏமாற்றமே. திரையில் இருந்ததை அந்த இளைஞர் வரிக்கு வரி வாசித்தார். மின்சாரம் இரண்டு தடவை தடைப்பட்டது. காஷ்மீருக்கு நேரமே இல்லாமல், 1949 ஜனவரி முதல் அங்கே அவதானிகள் இருக்கிறார்கள் என்பதையும், 1972 சிம்லா உடன்படிக்கைக்குப் பின் அவர்களுக்கு வேலையில்லை என்று இந்தியா கருதுவதையும், பாகிஸ்தான் மட்டும் தொடர்ந்து முறையிடுவதையும் மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டார். மேற்கு சஹாராவின் கதை எங்களுக்கு இவ்வளவு அந்நியமாகத் தோன்றியிருக்கத் தேவையில்லை என்பதே என் வருத்தம். 1991 இல் அங்கே சென்ற ஐ.நா. பணியின் பெயரிலேயே, சுதந்திரமா மொரோக்கோவுடன் இணைவதா என்று அந்த மக்களைக் கேட்கும் சர்வஜன வாக்கெடுப்பு இருக்கிறது, அடுத்த ஆண்டு ஜனவரியில் அது நடக்கவேண்டியிருந்தது, இன்றுவரை நடக்கவில்லை. காரணம் துப்பாக்கியன்று, பெயர்ப்பட்டியல். யார் சஹாராவி (அந்த மண்ணின் பூர்வீகர்), யார் மொரோக்கோவிலிருந்து பின்னர் வந்தவர், 1974 ஆம் ஆண்டின் ஸ்பானியக் குடிசன மதிப்பீட்டில் பெயருள்ளவர் யார், அவருடைய பிள்ளை என்பதற்குச் சான்று என்ன என்று ஆண்டுக்கணக்காக அடையாளங்காண்பதிலேயே பணி மூழ்கிப்போனது. 1949 இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டு, ஏறத்தாழ 134,000 பேருக்கு மட்டுமே பிரஜாவுரிமை கிடைத்த வரலாற்றைப் பாட்டன் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த அறையில் இருந்தோம். யார் இந்த மண்ணுக்குரியவர் என்பதைத் தாளால் நிரூபிக்கச் சொல்வது எத்தனை தலைமுறையைத் தின்னும் என்பதை எங்களுக்கு யாரும் திரையில் காட்டத் தேவையில்லை. வளவாளர் அந்தக் கதவைத் தட்டியிருந்தால் வகுப்பு தானாகவே உயிர்பெற்றிருக்கும். (பாடநெறி முடிந்தபின், ஒக்டோபர் 31 இல், மொரோக்கோவின் சுயாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக ஏற்று அந்தப் பணியை மேலும் ஓராண்டு நீடித்தது பாதுகாப்புச் சபை. பெயரில் வாக்கெடுப்பு அப்படியே இருக்கிறது.)

ஐந்தாம் வாரத்தில் பயன்விளைவை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு வந்தார்கள். இங்கே அம்மையார் தந்த ஓர் உவமையை என் வகுப்பறைக்கும் எடுத்துச்சென்றிருக்கிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் எவரும் சாவதில்லை, பெரிய ஆஸ்பத்திரியில்தான் சாகிறார்கள் என்று கணக்குக் காட்டி, டிஸ்பென்சரியே சிறந்தது என்று ஒருவர் வாதிட்டால் நாம் சிரிப்போம். ஏனெனில் கடுமையான நோயாளரைத்தான் டிஸ்பென்சரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. அமைதிப்படையும் அப்படியே பெரும்பாலும் தீராத சண்டைகளுக்கே அனுப்பப்படுகிறது. அதைக் கணக்கிலெடுத்து ஆய்ந்தவர்கள், படை இருக்குமிடத்தில் போர் மீண்டும் மூளும் வாய்ப்புக் கணிசமாகக் குறைகிறது என்றே கண்டிருக்கிறார்கள். செலவையும் அவர் சொன்னார்: 2024–25 ஆம் ஆண்டுக்கான ஐ.நா. அமைதிகாப்பு வரவுசெலவுத் திட்டம் ஏறத்தாழ 560 கோடி டொலர். உலகநாடுகளின் இராணுவச் செலவு 2024 இல் 2.7 இலட்சங்கோடி டொலரைத் தாண்டியது. இரண்டையும் அருகருகே எழுதியபோது முதல் எண் சில்லறையாகத் தெரிந்தது.

ஆனால் இந்த வாரத்தில்தான் பாடநெறியின் பெரிய குறையும் வெளிப்பட்டது. 1994 இல் லிபியாவுக்கும் சாட் நாட்டுக்கும் இடையிலிருந்த அவூசு நிலப்பகுதிக்குச் சென்ற ஐ.நா. குழுவைப் பற்றி, ‘மிகச் சிறிய பணி’ என்ற தலைப்பில் அரைப்பக்க வேடிக்கைக் குறிப்பாக மட்டும் கையேட்டில் போட்டிருந்தார்கள். அந்த நிலம் பரப்பளவில் இலங்கையைவிடப் பெரியது. அதற்காக இரு நாடுகளும் ஆண்டுக்கணக்கில் போரிட்டன. 1994 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் அது சாட்டுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. இரு தரப்பும் தீர்ப்பை ஏற்றன. ஒன்பது இராணுவ அவதானிகள் உட்படப் பதினைந்து பேர் சென்று, லிபியப் படை வெளியேறுவதைப் பார்த்துக் கையெழுத்திட்டு, ஏறத்தாழ நாற்பது நாட்களில் திரும்பினார்கள். சைப்பிரஸில் அறுபது ஆண்டு, அவூசுவில் நாற்பது நாள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் படையின் பலமோ, ஆணையின் கடுமையோ அல்ல. நிலம் யாருக்கு என்பது படை வந்திறங்குமுன்பே தீர்மானிக்கப்பட்டு ஏற்கப்பட்டிருந்ததே காரணம். 1989–90 இல் ஐ.நா. மேற்பார்வையில் நமீபியா சுதந்திரம் பெற்றதையும், 1996 முதல் 1998 வரை கிழக்கு ஸ்லவோனியா குரோஷியாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டதையும் இந்த ஒளியிலேயே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. முடிவான கணக்கை மேற்பார்வை செய்ய ஐ.நா.வால் இயலும், முடிவாகாத கணக்கை அதனால் காவல் காக்கத்தான் முடியும்.

தீர்ப்பு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் உதாரணம் கைவசம் இருந்தது. எல்லைக்காகப் போரிட்ட எத்தியோப்பியாவும் எரித்ரியாவும் 2000 டிசம்பரில் அல்ஜியர்ஸில் ஒப்பந்தம் செய்தன. 2002 இல் எல்லை ஆணைக்குழு பத்மே நகரை எரித்ரியாவுக்கு அளித்தது. எத்தியோப்பியா அதை நடைமுறையில் ஏற்க மறுத்தது. ஆத்திரமடைந்த எரித்ரியா, நடுவில் நின்ற ஐ.நா. படையின் எரிபொருளை நிறுத்தியது. 2008 இல் பணியே மூடப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2018 இல், அவ்விரு நாடுகளும் சமாதானத்தை அறிவித்தபோது நடுவில் நீலத்தொப்பிகள் இருக்கவில்லை. அவூசு, பத்மே ஆகிய இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முழுப் பிற்பகலும் பேசியிருக்கலாம். கையேட்டில் அவற்றுக்கிடையே பதினெட்டுப் பக்கங்கள் இருந்தன.

ஆறாம் வாரத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இது மதிப்பீடாகாது. தோல்விகள் என்ற தலைப்பில், 1995 ஜூலையில் ஐ.நா. ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில், நெதர்லாந்துச் சிப்பாய்கள் இருக்கவே எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொண்டுபோய்க் கொல்லப்பட்டதை அம்மையார் அடக்கமாகவும் தெளிவாகவும் சொன்னார். ஹெயிட்டியில் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் 2007 நவம்பரில் இலங்கைச் சிப்பாய்கள் 108 பேர் திருப்பியனுப்பப்பட்டதைப் பற்றி நான் கேட்டபோது, இளைஞர் அதை ‘நிர்வாக விடயம்’ என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ஹெயிட்டி நிலத் தகராறு அன்று என்பது உண்மை. ஆனால் காக்க வந்தவரிடமிருந்து யார் காப்பது என்ற கேள்வி எந்த அமைதிகாப்பிலும் புறம்பானதாகாது. அதுவும் கேட்பவர் இலங்கையராக இருக்கும்போது.

நம் நாட்டுக்கு மிஞ்சியது இறுதி அரைமணி நேரம். 1987 ஜூலை 29 இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பேரில் வந்த இந்திய அமைதி காக்கும் படை ஐ.நா. படையன்று, அதை அனுப்பிய நாடே ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. முதல் வாரத்தில் கற்ற மூன்று தூண்களையும் வைத்துப் பார்த்தால், ஆயுதந்தரித்த பிரதான தரப்பின் உளப்பூர்வமான சம்மதமும் இல்லை, பக்கஞ்சாராமையும் நிலைக்கவில்லை, அக்டோபரிலேயே அது போரிடும் படையாகிவிட்டது. யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்குள்ளேயே உயிர்கள் பறிக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன் சிப்பாய்களையும் இழந்து 1990 மார்ச்சில் அந்தப் படை வெளியேறியது. அதற்கு நேரெதிராக, 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையின் கீழ் வந்த ஐந்து நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழுவிடம் ஆயுதமே இல்லை. அது மீறல்களை எண்ணிப் பதிவுசெய்தது. 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர்கள் வெளியேற நேர்ந்தது. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகியதோடு அது முடிந்தது. ஒன்றிடம் பல்லாயிரம் துப்பாக்கிகள், மற்றொன்றிடம் குறிப்பேடு மட்டும். இரண்டும் ஒரே இடத்தில் தோற்றன. இதைவிடப் பொருத்தமான ஒப்பீட்டுப் பாடம் எங்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

அந்த அரைமணி நேரத்திலும் தொண்டு நிறுவனக் களப்பணியாளர் ஒருவர் பேசினார். 1977 கலவரத்துக்குப் பின் தன் தாத்தா குடும்பம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியதாகவும், பாதுகாப்புத் தேடிப்போன இடமே பின்னர் போர்முனையானதாகவும், தகப்பனார் மட்டும் திரும்பவும் மலைக்கு வந்து கொழுந்து மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகவும் அந்தக் களப்பணியாளர் சொன்னபோது, அம்மையார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நிலையத்தின் பொறுப்பாளர் வந்து மண்டபத்தை அடுத்த வகுப்புக்கு விடவேண்டும் என்றார்.

இனி நடைமுறை விடயங்கள். கையேடு 64 பக்கப் போட்டோக் கொப்பி. எழுத்து தெளிவு, வரைபடங்கள் கருமை படிந்து சைப்பிரஸின் பச்சைக் கோடும், லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான நீலக் கோடும் ஒன்றுபோலத் தெரிந்தன. தமிழ்ச் சொற்பட்டியல் இணைத்திருந்தது பெரும் உதவி. மண்டபத்தில் மாலை நான்கு மணிக்குமேல் குளிர் தாங்காது. ஹட்டனில், நாற்புறமும் தேயிலை நிற்க, இடைவேளையில் எங்களுக்குக் கிடைத்த பிளேன்டீயின் தரத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. சான்றிதழுக்கு மேலதிகமாக 500 ரூபாய் என்பதை இறுதி நாளன்றுதான் அறிவித்தார்கள். பணம் பெரிதன்று, விளம்பரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரைப் புள்ளி தருகிறேன். அம்மையார் மட்டும் நடத்தியிருந்தால் நாலரை. உயர்தர ஆசிரியர்கள் தயங்காமல் சேரலாம். பரீட்சைக்குக் குறிப்பு மட்டும் தேடுவோருக்கு இது உகந்ததன்று. மீண்டும் நடத்தினால், அவூசுவையும் பத்மேயையும் ஒரே நாளில் வைக்கும்படியும், இலங்கைக்கு ஒரு முழு வாரம் ஒதுக்கும்படியும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. சேர விரும்புவோர் இரண்டாம் வாரத்தை எக்காரணங்கொண்டும் தவறவிடாதீர்கள். கம்பளிச் சட்டையொன்று கொண்டுசெல்லுங்கள். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருவோர் பொறுப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்போது வகுப்பின் நடுவே எழுந்துபோக அனுமதிக்கிறார்கள்.